செல்போனில் வரும் விபரீதம்: அரசு எதைத் தடுக்கும், நாம் எதைத் தடுக்க வேண்டும்?



இந்த மாதப் பாடம் கொஞ்சம் கனமானது. தற்கொலை பற்றியும், அதைப் பற்றி நம் செல்போனுக்கு வரும் வீடியோக்கள், செய்திகள் பற்றியும் பேசப்போகிறோம். ஊக்குநரும் பிரதிநிதியும் கூட்டத்தில் வாசிப்பதற்கு முன்னால் இதைத் தனியாக ஒருமுறை படித்துக்கொள்ளவும். குழுவில் யார் வீட்டிலாவது இப்படி ஒரு இழப்பு நடந்திருக்கலாம். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கேட்க முடியாது என்று நினைப்பவர்கள் எழுந்து போகலாம், யாரும் காரணம் கேட்கக்கூடாது. படிக்கும்போது மனசு பாரமானால் கடைசியில் கொடுத்துள்ள எண்களில் ஒன்றுக்குப் பேசுங்கள்.

ஒரு கூட்டத்தில் நடந்தது

பம்மல் பக்கம் ஒரு குழுவின் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு வசூல் முடிந்து, உள்கடன் தவணையைப் பேரேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு உறுப்பினரின் போனில் வாட்ஸ்அப் சத்தம் கேட்டது. எடுத்துப் பார்த்தவர், "ஐயையோ, இந்தக் கொடுமையைப் பாருங்கக்கா" என்று பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார். போன் கை மாறிக்கொண்டே போனது. பக்கத்து ஏரியாவில் தற்கொலை செய்துகொண்ட ஒரு இளம்பெண்ணின் வீடியோ அது. உடலை யாரோ போனில் எடுத்து, அந்தப் பெண்ணைப் பற்றி இரண்டு வரி கதையும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள்.

நான்காவதாகப் போனை வாங்கியவர் அந்தப் பெண்ணுக்குச் சித்தி முறை. அது அங்கே யாருக்கும் தெரியாது. அவர் அழவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இதை யாரு எடுத்தது?" என்று மட்டும் கேட்டார்.

கூட்டம் அப்படியே அமைதியாகிவிட்டது. வீடியோவைக் காட்டிய உறுப்பினர் நல்ல மனசுக்காரர். குழுவில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் கஞ்சி வைத்து எடுத்துப் போவது அவர்தான். அவர் கண் கலங்கிப் போய், "நம்ம புள்ளைங்க ஜாக்கிரதையா இருக்கட்டும்னுதான் காட்டினேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இந்த மாதிரி வீடியோவையெல்லாம் கவர்மென்ட் தடுக்காதா மேடம்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அன்றைக்கு என்னால் முழுசாகப் பதில் சொல்ல முடியவில்லை. படித்துப் பார்த்து, விசாரித்து, இந்தப் பாடமாக எழுதியிருக்கிறேன்.

2017-ல் நாடே பயந்த விளையாட்டு

நம்மில் பலருக்கு 'நீலத் திமிங்கலம்' என்ற பெயர் நினைவிருக்கும். ஆங்கிலத்தில் 'ப்ளூ வேல்' என்றார்கள். யாரோ முகம் தெரியாத ஒருவர் செல்போன் வழியாகப் பிள்ளைகளுக்கு நாளுக்கு ஒரு கட்டளை போடுவார், கடைசிக் கட்டளை தற்கொலை என்று அந்த விளையாட்டைப் பற்றிச் சொன்னார்கள். 2016 மே மாதம் ரஷ்யாவில் ஒரு பத்திரிகை, சமூக வலைத்தளக் குழுக்கள் பிள்ளைகளைத் தற்கொலைக்குத் தூண்டுகின்றன என்று எழுதியது. அங்கிருந்துதான் பேச்சு கிளம்பியது. அடுத்த ஆண்டு அது இந்தியாவுக்கு வந்துவிட்டது. 2017 ஜூலை மாத இறுதியில் மும்பையில் ஒரு சிறுவன் இறந்தபோது செய்திகள் இந்த விளையாட்டின் பெயரைச் சொல்லின. ஆகஸ்ட் மாத இறுதியில் மதுரைப் பக்கம் ஒரு கல்லூரி மாணவர் இறந்தார். தமிழ்நாடு முழுவதும் அதே பேச்சாக இருந்தது.

அப்போது அரசும் நீதிமன்றங்களும் சும்மா இருக்கவில்லை. வரிசையாகப் பாருங்கள்.

2017 ஆகஸ்ட் 11 அன்று மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் கூகுள், ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், மைக்ரோசாஃப்ட், யாஹூ ஆகிய நிறுவனங்களுக்குக் கடிதம் அனுப்பியது. இந்த விளையாட்டுக்குப் போகும் லிங்குகளை உடனே நீக்க வேண்டும் என்று அதில் சொல்லியிருந்தது.

செப்டம்பர் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, யாரும் மனு போடாமலேயே தானாக முன்வந்து இதை வழக்காக எடுத்துக்கொண்டது. இதைத் தடுக்க என்ன செய்யப்போகிறீர்கள் என்று அரசுகளைக் கேட்டது.

அக்டோபரில் விஷயம் உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. மக்களுக்கு எச்சரிக்கை சொல்லும் 10 நிமிட நிகழ்ச்சி ஒன்றைத் தூர்தர்ஷனில் காட்ட ஏற்பாடு செய்யச் சொன்னது நீதிமன்றம். நவம்பரில் மத்திய அரசு அங்கே ஒரு உண்மையை ஒப்புக்கொண்டது. இது ஒரு ஆப் கிடையாது, அதனால் இதை முழுசாக அடைக்க முடியாது என்றது. பள்ளிப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லி விழிப்புணர்வு உண்டாக்குங்கள் என்று மாநிலங்களுக்குச் சொல்லி உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை முடித்தது.

ஏன் அடைக்க முடியவில்லை?

இதை நம் பேச்சில் சொல்கிறேன். ஆப் என்பது கடைத்தெருவில் இருக்கும் கடை மாதிரி. விலாசம் உண்டு, பெயர்ப்பலகை உண்டு. அதிகாரி வந்து பூட்டுப் போடலாம். அரசு பல ஆப்களையும் இணையதளங்களையும் அப்படிப் பூட்டியிருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் அதற்கு வழி உண்டு.

ஆனால் ஒருவர் இன்னொருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது திண்ணையில் உட்கார்ந்து காதோடு பேசுவது மாதிரி. அனுப்புகிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவில் அந்தச் செய்தி பூட்டிய உறையில் போகிறது. வாட்ஸ்அப் நிறுவனமே அதைத் திறந்து படிப்பதில்லை. யாராவது புகார் செய்தால்தான் தெரியும். அன்றைக்கு நம் கூட்டத்தில் கை மாறிய வீடியோ இந்த வழியாகத்தான் வந்தது. அந்தத் திண்ணையில் பேச்சை நிறுத்த வேண்டுமென்றால், அங்கே உட்கார்ந்திருக்கும் நாம்தான் நிறுத்த வேண்டும்.

விசாரணையில் வந்த பதில்

நீலத் திமிங்கலம் கதையின் கடைசிப் பகுதி பலருக்குத் தெரியாது. மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. கணினிப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் அமைப்பின் தலைமை இயக்குநர் அதற்குத் தலைவர். இந்த விளையாட்டால் நடந்தது என்று சொல்லப்பட்ட மரணங்களை எடுத்து, இறந்தவர்களின் இணையப் பயன்பாடு, போன் அழைப்புகள், மற்ற தடயங்கள் எல்லாவற்றையும் ஆராய்ந்தார்கள். 2018 ஜனவரியில் உள்துறை இணை அமைச்சர் மக்களவையில் அதன் முடிவைச் சொன்னார். அந்த மரணங்களில் எதற்கும் இந்த விளையாட்டுதான் காரணம் என்று நிரூபிக்க முடியவில்லை.

அப்படியானால் அந்தப் பிள்ளைகள் ஏன் இறந்தார்கள்? ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு துன்பம் இருந்திருக்கும். ஊரே ஒரு பூதத்தைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், பக்கத்தில் இருந்த பிள்ளையின் மனசில் என்ன ஓடுகிறது என்று நாம் கேட்கத் தவறியிருக்கலாம்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கைப் பாருங்கள். 2022-ம் ஆண்டில் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். மாநிலங்களில் நாம் இரண்டாவது இடத்தில் இருந்தோம். காரணங்களில் முதலிடம் குடும்பப் பிரச்சினைக்கு, 31.7 சதவீதம். அடுத்தது நோய், 18.4 சதவீதம். ஒரே ஒரு காரணத்தால் யாரும் அந்த முடிவுக்குப் போவதில்லை என்று மனநல மருத்துவர்கள் சொல்கிறார்கள். வீட்டுச் சண்டை, கடன், நோய், குடி, தேர்வு பயம், அவமானம் என்று பலதும் சேர்ந்து அழுத்துகிற நேரத்தில், செல்போனில் பார்க்கும் ஒரு வீடியோ கடைசிச் சுமையாக ஆகிவிடலாம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

நான் செய்த தவறு

இதைச் சொல்லாமல் மேலே எழுதினால் நேர்மையாக இருக்காது. 2017-ல் நான் எம்.எஸ்.டபிள்யூ. முடித்து வேலைக்குச் சேர்ந்த புதுசு. நீலத் திமிங்கலம் பற்றிய எச்சரிக்கைச் செய்தி ஒன்று எனக்கும் வந்தது. அதில் என்னென்ன கட்டளைகள் என்ற பட்டியலே இருந்தது. 'தாய்மார்களே உஷார்' என்று மேலே ஒரு வரி சேர்த்து, எனக்குத் தெரிந்த எல்லா ஊக்குநர்களுக்கும் அனுப்பினேன். நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஒரு உறுப்பினர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "நீங்க அனுப்பினதை எம்பையன் படிச்சிட்டான் மேடம். ராத்திரி பூரா போன்ல அதைத்தான் தேடிக்கிட்டிருந்தான். அதுவரைக்கும் அவனுக்கு அந்தப் பேரே தெரியாது."

அந்தப் பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்று நன்றாக இருக்கிறான். அவன் அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. ஆனால் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. எச்சரிக்கை என்ற பெயரில் அந்த விபரீதத்தை அவன் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்தது நான்தான்.

செய்தி கெடுக்கவும் செய்யும், காக்கவும் செய்யும்

தற்கொலைச் செய்தியை எப்படிச் சொல்கிறோம் என்பதில் உயிர் இருக்கிறது. இதை உலகம் ஆஸ்திரியா நாட்டின் வியன்னா நகரத்தில் கற்றுக்கொண்டது. 1980-களில் அங்கே சுரங்க ரயிலில் தற்கொலைகள் கூடின. பத்திரிகைகள் ஒவ்வொன்றையும் பெரிய தலைப்பில், விவரம் விவரமாக எழுதின. 1987-ல் மனநல வல்லுநர்கள் பத்திரிகைக்காரர்களிடம் பேசி, இப்படி எழுதாதீர்கள் என்று நெறிமுறை கொடுத்தார்கள். பத்திரிகைகள் அடக்கி எழுதத் தொடங்கியதும் அந்த ரயில்களில் தற்கொலை பெருமளவு குறைந்தது.

பிறகு அதே நாட்டில் 2010-ல் வெளிவந்த இன்னொரு ஆய்வு நல்ல சேதி சொன்னது. சாகலாம் என்று நினைத்து, பிறகு துன்பத்தைத் தாண்டி வந்த ஒருவரின் கதை பத்திரிகையில் வந்தால், அது மற்றவர்களைக் காக்கும்.

நம் நாட்டிலும் இந்திய பத்திரிகை மன்றம் 2019 செப்டம்பரில் இதே நெறிமுறைகளை ஏற்றுக்கொண்டது. தற்கொலைச் செய்தியைப் பெரிதுபடுத்தக்கூடாது, எப்படி இறந்தார் என்று விவரிக்கக்கூடாது, இடத்தைச் சொல்லக்கூடாது, பரபரப்பான தலைப்பு வைக்கக்கூடாது, படமும் வீடியோவும் போடக்கூடாது. இந்தப் பாடத்தில் நானும் யார் எப்படி இறந்தார் என்று எங்கேயும் எழுதவில்லை. கவனித்திருப்பீர்கள்.

இந்த நெறிமுறை பத்திரிகைக்காரர்களுக்காக எழுதியது. இன்று வாட்ஸ்அப் இருக்கிற ஒவ்வொருவரும் பத்திரிகை நடத்துகிற மாதிரிதான். அதனால் இது நமக்கும் பொருந்தும்.

சட்டம் இப்போது என்ன சொல்கிறது?

உறுப்பினர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை நான்கு.

முதலாவது, தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகப் பார்க்கும் காலம் போய்விட்டது. 2017-ம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்று அது சொல்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தில் இல்லை. அரசு ஊழியரைத் தம் கடமையைச் செய்ய விடாமல் தடுக்க தற்கொலை முயற்சி செய்வது மட்டும் அதில் குற்றமாக உள்ளது. 'போலீஸ் கேஸ் ஆகிடும்' என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகாமல் இருக்காதீர்கள். அந்தத் தாமதத்தில் உயிர் போய்விடும்.

இரண்டாவது, தற்கொலைக்குத் தூண்டுவது கடுமையான குற்றம். நேரில் தூண்டினாலும் போன் வழியாகத் தூண்டினாலும் ஒன்றுதான். 10 ஆண்டு வரை சிறை உண்டு. தூண்டப்பட்டவர் சிறுபிள்ளை என்றால் தண்டனை இன்னும் கடுமை.

மூன்றாவது, சமூக வலைத்தள நிறுவனங்களுக்கும் கடமை உண்டு. 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனமும் குறைதீர் அலுவலர் ஒருவரை வைக்க வேண்டும். குழந்தைகளுக்குத் தீங்கு தரும் பதிவுகளைப் போடக்கூடாது என்று பயனாளிகளிடம் சொல்ல வேண்டும். நீதிமன்றமோ அரசோ உத்தரவு போட்டால் சட்டவிரோதமான பதிவை 36 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்றும், ஒருவரின் அந்தரங்கப் படத்தையோ ஒட்டு வேலை செய்த படத்தையோ பற்றிப் பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் அன்று கெடு வைத்தார்கள். நிறுவனம் சரியாகக் கவனிக்காவிட்டால் மேல்முறையீடு செய்ய 2023-ல் மத்திய அரசு குழுக்களை அமைத்தது.

நான்காவது, கடன் ஆப். இது நம் பெண்களை நேராகத் தாக்குகிற விஷயம். ஐந்து நிமிஷத்தில் பணம் என்று கொடுத்துவிட்டு, போனில் இருக்கும் உறவினர் எண்களையும் படங்களையும் திருடி, அசிங்கமாகப் படம் ஒட்டி எல்லாருக்கும் அனுப்பி மிரட்டுகிறார்கள். அந்த அவமானம் தாங்காமல் நாட்டில் பலர் உயிரை விட்டிருக்கிறார்கள். 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறைகளின்படி, கடன் தரும் ஆப் நம் போனில் உள்ள தொடர்பு எண்களையோ படங்களையோ எடுக்கக்கூடாது. அப்படி எடுத்தால் அது மோசடி ஆப் என்று அர்த்தம். மிரட்டினால் பணம் கட்டிக்கொண்டே போகாதீர்கள். 1930-க்குப் புகார் செய்யுங்கள். கூச்சப்பட வேண்டியது மிரட்டுகிறவன்தான், நீங்கள் கிடையாது.

மற்ற நாடுகளிலும் இதே போராட்டம்

2017-ல் லண்டனில் 14 வயது மாணவி ஒருத்தி இறந்தாள். இன்ஸ்டாகிராமும் வேறொரு வலைத்தளமும் அவளுக்குத் துயரப் பதிவுகளைக் கேட்காமலேயே திரும்பத் திரும்பக் காட்டியிருந்தன. ஒன்றைப் பார்த்தால் அதே மாதிரி பத்தை அனுப்புவது அந்த ஆப்களின் வழக்கம். 2022-ல் மரண விசாரணை அதிகாரி, அந்தப் பதிவுகளுக்கும் அவள் மரணத்தில் பங்கு உண்டு என்று தீர்ப்புச் சொன்னார். 2023 அக்டோபரில் பிரிட்டன் இணையப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் முதல் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரிய சமூக வலைத்தளங்களில் கணக்கு வைக்க முடியாது.

நம் நாட்டில் 2022 நவம்பரில் மத்திய அரசு தேசியத் தற்கொலைத் தடுப்புத் திட்டத்தை வெளியிட்டது. 2030-க்குள் தற்கொலை மரணங்களை 10 சதவீதம் குறைப்பது அதன் இலக்கு. உத்தரப் பிரதேசத்தில் காவல்துறையும் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவும் 2022-ல் ஒரு ஏற்பாடு செய்துகொண்டன. சாகப்போகிறேன் என்று யாராவது பதிவு போட்டால் நிறுவனம் காவல்துறைக்குத் தகவல் கொடுக்கும், போலீஸ் அந்த வீட்டுக்கு ஓடும். அப்படிப் பல உயிர்கள் பிழைத்திருக்கின்றன. அங்கேயும் பாருங்கள், கடைசியில் உயிரைக் காப்பாற்றியது கதவைத் தட்டின ஒரு ஆள்தான்.

வீட்டில் எப்படிப் பேசுவது?

பிள்ளையின் போனைப் பிடுங்கி வைப்பது பல வீடுகளில் நடக்கிறது. போன் பீரோவுக்குள் போகும். பிள்ளையின் துன்பமும் நம் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போய்விடும். அதைவிட, பக்கத்தில் உட்கார்ந்து, "என்னம்மா பாக்குற, எனக்கும் காட்டேன்" என்று கேளுங்கள். திட்டுவதற்காகக் கேட்காதீர்கள்.

சில அடையாளங்கள் தெரிந்தால் கவனிக்க வேண்டும். சாப்பாடு, தூக்கம் மாறிப்போவது. பிடித்த விஷயத்தில் ஆசை இல்லாமல் போவது. பிரியமான பொருளை எடுத்து அடுத்தவருக்குக் கொடுப்பது. "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்கிற மாதிரிப் பேச்சு. 'சும்மா பயமுறுத்துது' என்று தள்ளிவிடாதீர்கள்.

நேராகக் கேட்கலாமா என்று பல தாய்மார்கள் கேட்கிறார்கள். "செத்துடலாம்னு தோணுதா கண்ணு?" என்று கேட்டால் நாமே அந்த எண்ணத்தை விதைத்த மாதிரி ஆகிவிடுமோ என்று பயம். ஆகாது. கேட்பதால் எண்ணம் வராது என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. பல நேரம், யாராவது கேட்டார்களே என்ற நிம்மதிதான் வரும். ஆமாம் என்று பதில் வந்தால் பதறாதீர்கள், திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். "சொன்னியே, நல்லது. நான் கூட இருக்கேன்" என்று சொல்லுங்கள். தனியாக விடாதீர்கள். எண்ணுக்குப் போன் செய்து, அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். காய்ச்சலுக்குப் போகிற மாதிரிதான் இதுவும்.

இப்படி ஒரு வீடியோ நம் போனுக்கு வந்தால்

1. யாருக்கும் அனுப்பாதீர்கள், கூட்டத்தில் காட்டாதீர்கள். 'எச்சரிக்கை' என்று எழுதியிருந்தாலும் அனுப்பாதீர்கள்.
2. வாட்ஸ்அப், யூடியூப், இன்ஸ்டாகிராம் எல்லாவற்றிலும் 'ரிப்போர்ட்' என்ற இடம் உண்டு. அதை அழுத்திப் புகார் செய்யுங்கள். தெரியாவிட்டால் குழுவில் படித்த பிள்ளைகளிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு அழித்துவிடுங்கள்.
3. அனுப்பியவர் தெரிந்தவர் என்றால் தனியாகப் போன் செய்து பக்குவமாகச் சொல்லுங்கள். குரூப்பில் அவமானப்படுத்த வேண்டாம்.
4. உயிரோடு இருக்கிற ஒருவர் 'சாகப்போகிறேன்' என்று போட்டிருந்தால், முதலில் அவருக்கே போன் செய்யுங்கள், அல்லது பக்கத்தில் இருப்பவரை அவர் வீட்டுக்கு ஓடச் சொல்லுங்கள். 112-க்கும் சொல்லுங்கள்.
5. யாராவது மிரட்டினால், தூண்டினால், அந்தச் செய்தியை அழிக்காமல் சாட்சியாக வைத்துக்கொண்டு 1930-க்குச் சொல்லுங்கள். நம் பகுதிக்குத் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகம் 2022 ஜனவரி முதல் இயங்குகிறது. காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். தனியாகப் போகத் தயங்கினால் குழுவாகப் போங்கள்.

அடுத்த கூட்டத்தில் அவர் சொன்னது

அந்தச் சித்தி அடுத்த மாதக் கூட்டத்துக்கு வருவாரோ மாட்டாரோ என்று எனக்குக் கவலையாக இருந்தது. வந்தார். சேமிப்புப் பணத்தைக் கட்டினார். இந்தப் பாடம் எழுதப்போகிறேன், உங்களைப் பற்றிப் பெயர் இல்லாமல் எழுதலாமா என்று அனுமதி கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"எழுதுங்க மேடம். அந்த வீடியோ எத்தனை பேர் கைக்குப் போச்சுன்னு எங்களுக்குத் தெரியல. எங்க சொந்தக்காரங்களே வெளியூர்ல இருந்து போன் பண்ணி, பாத்தோம்னாங்க. ஆனா அதை அனுப்பினவங்க ஒருத்தராவது எங்க அக்கா வீட்டுக்கு வந்து, சாப்பிட்டியான்னு ஒரு வார்த்தை கேக்கல."

அன்று வீடியோவைக் காட்டிய உறுப்பினர் ஒன்றும் பேசவில்லை. கூட்டம் முடிந்ததும் இருவரும் சேர்ந்து அந்த அக்கா வீட்டுக்குப் போனார்கள்.

'கவர்மென்ட் தடுக்காதா' என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். அரசு சட்டம் போடும், லிங்கை எடுக்கச் சொல்லும், தூண்டியவனைப் பிடிக்கும். அதைக் கேட்டு வாங்குவது நம் உரிமை. ஒரு பெண்ணின் உடல் பத்துப் பேர் போனில் சுற்றுவதை நம் விரல் நிறுத்த வேண்டும். ஒரு பிள்ளையின் மனசு உடைவதை நம் வாய் கேட்க வேண்டும்.

குழுவில் கலந்து பேச

1. தற்கொலை பற்றிய செய்தியோ வீடியோவோ கடைசியாக எப்போது நம் போனுக்கு வந்தது? அதை என்ன செய்தோம்?
2. நம் குழுவில் ஒருவருக்குக் கடன் ஆப் மிரட்டல் வந்தால், முதலில் யாரிடம் தைரியமாகச் சொல்லுவார்?
3. இழப்பு நடந்த வீட்டுக்கு முதல் மாதத்தில் நம் குழு என்ன உதவி செய்யலாம்?

தீர்மானப் பதிவேட்டில் எழுத (விருப்பமுள்ள குழுக்கள்)

'தற்கொலை, விபத்து மரணம் ஆகியவை பற்றிய படம், வீடியோ, விவரச் செய்தி எதையும் எங்கள் குழு உறுப்பினர்கள் யாருக்கும் அனுப்புவதில்லை என்றும், அப்படி இழப்பு நடந்த வீட்டுக்கு ஒரு வாரத்துக்குள் குறைந்தது இரண்டு உறுப்பினர்கள் நேரில் சென்று வருவது என்றும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.'

போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்

14416 – டெலி மானஸ், அரசின் மனநல உதவி. தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. 2022 அக்டோபரில் தொடங்கியது.
104 – தமிழ்நாடு அரசு மருத்துவ ஆலோசனை
044-24640050 – சினேகா, சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பு
1098 – குழந்தைகளுக்கு
181 – பெண்களுக்கு
1930 – சைபர் குற்றப் புகார்
108 – ஆம்புலன்ஸ்
112 – அவசர உதவி

இந்தப் பக்கத்தைக் கத்தரித்து சமையலறைச் சுவரில் ஒட்டி வையுங்கள். நமக்குத் தேவைப்படாவிட்டாலும், வீட்டுக்கு வந்து போகிற யாராவது ஒருவர் கண்ணில் படும்.